மூன்றரை ஏக்கரை இயற்கை முறைக்கு மாற்ற நினைக்கிறேன்: முதல் மூன்று வருடத்தைத் தாண்ட உதவி எங்கே கிடைக்கும்?

செய்யாற்றங்கரை

எல்லோருக்கும் வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில் செய்யாறு பக்கம் எங்கள் ஊர். மூன்றரை ஏக்கர், கிணற்றுப் பாசனம், பட்டா அப்பா பெயரில். சம்பாவில் நெல், அதற்கடுத்து மணிலா (நிலக்கடலை), ஈரம் இருந்தால் உளுந்து. கறவை மாடு இரண்டு இருக்கிறது.

நிலத்தை இயற்கை முறைக்கு மாற்ற வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. அப்பாவுக்கும் மருந்து அடிப்பதில் வெறுப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் கேட்கும் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை: "விளைச்சல் இறங்கினால் கூட்டுறவுச் சங்கத்துக் கடனை யார் கட்டுவது?"

அரசுத் திட்டங்கள் என்று பேர் மட்டும் நிறையக் காதில் விழுகிறது. விவசாயி கைக்கு நேராக வரும் பணம் எவ்வளவு? சான்று கட்டாயம் வாங்க வேண்டுமா? மூன்றரை ஏக்கரையும் ஒரே அடியாக மாற்றலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மண்வாசம்

தம்பி, நான் வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அப்பா கேட்டது சரியான கேள்வி, அதனால் பணத்தையே முதலில் பேசிவிடுகிறேன்.

மத்திய அரசின் பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனா 2015-இல் வந்தது. தனி ஆளுக்குக் கிடையாது, அக்கம்பக்கத்து விவசாயிகள் தொகுப்பாகச் சேர்ந்துதான் வாங்க முடியும். இப்போதைய விதிப்படி ஹெக்டேருக்கு மூன்று வருடத்துக்கு 31,500 ரூபாய். இதைப் பார்த்துவிட்டு 31,500-ம் நம் கைக்கு வரும் என்று பலர் நினைக்கிறார்கள். விவசாயியின் வங்கிக் கணக்குக்கு இடுபொருளுக்காக வருவது அதில் 15,000 மட்டும். மீதி பயிற்சிக்கும் வழிகாட்டலுக்கும், சான்றுக்கும், மருந்து எச்சம் இருக்கிறதா என்ற பரிசோதனைக்கும், பொட்டலமிட்டு விற்பதற்கும் போகிறது. ஒருவருக்கு உச்ச வரம்பு 2 ஹெக்டேர்.

உங்கள் மூன்றரை ஏக்கர் ஏறக்குறைய 1.4 ஹெக்டேர். மூன்று வருடத்துக்கும் சேர்த்து 21,000, அதாவது வருடத்துக்கு 7,000. ஏக்கருக்குப் பிரித்தால் 2,000. அப்பாவிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். இதை நம்பிக் கடன் கட்ட முடியாது என்று அவருக்கே தெரிந்துவிடும், தெரிவதும் நல்லது.

இன்னொன்று, இயற்கை வேளாண்மைக்கான தேசிய இயக்கம். 2024 நவம்பரில் 2,481 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் ஆனது. 50 ஹெக்டேர் ஒரு தொகுப்பு, தொகுப்புக்கு 125 விவசாயிகள் வரை. ஒருவருக்கு ஒரு ஏக்கருக்கு மட்டும் வருடத்துக்கு 4,000 வீதம் இரண்டு வருடம். ஊருக்கு அருகில் இயற்கை இடுபொருள் மையம் அமைக்கவும் இதில் இடமிருக்கிறது. மாநில அரசின் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாளுர விதை மானியத்தில் தருகிறார்கள்.

எந்தத் தொகுப்பு எந்த ஊரில் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். மாநில அரசின் உழவன் செயலியில் பெயரைப் பதிந்து வைத்துவிட்டு, வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு நேரில் போய், "எங்கள் ஊர் எந்தத் தொகுப்பிலாவது வருகிறதா?" என்று கேளுங்கள். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் நகல்களைக் கையோடு கொண்டு போங்கள்.

கொங்குமஞ்சள்

ஐயா பணத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் தேதியைப் பற்றிச் சொல்கிறேன். ஈரோடு பக்கம் மஞ்சளும் வாழையும் செய்கிறேன், எங்கள் குழு சான்று பெற்ற குழு.

நீங்கள் யூரியாவை நிறுத்திய நாளைச் சான்றில் பொதுவாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். பதிவு செய்த நாளிலிருந்துதான் மாறுதல் காலம் ஓடத் தொடங்கும். தேசியத் தரப்படி நெல், மணிலா போன்ற ஓராண்டுப் பயிருக்கு, விதைப்புக்கு முன் இரண்டு வருடம். தென்னை, மா போன்ற பல்லாண்டுப் பயிருக்கு முதல் அறுவடைக்கு முன் மூன்று வருடம். "முதலில் செய்து பார்ப்போம், சான்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று பல வருடம் ரசாயனமே இல்லாமல் விவசாயம் செய்துவிட்டு, கடைசியில் முதல் நாளிலிருந்து காத்திருக்கிறவர்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். எனக்கு அது மனசு பொறுக்கவில்லை. சான்று வாங்கும் எண்ணம் துளி இருந்தாலும் முதலில் பதிந்துவிடுங்கள்.

சான்றில் இரண்டு வழி உண்டு. ஒன்று பங்கேற்பு உத்தரவாத முறை. குறைந்தது ஐந்து விவசாயிகள் சேர்ந்து உறுதிமொழி எடுத்து, ஒருவர் நிலத்தை இன்னொருவர் பார்த்துச் சரி சொல்வது. செலவு குறைவு, உள்நாட்டு விற்பனைக்குப் போதும். மாறுதல் காலத்திலேயே பச்சை முத்திரை போட்டு விற்கலாம், முழுதாக மாறிய பிறகு ஆர்கானிக் முத்திரை.

இன்னொன்று, வேளாண் ஏற்றுமதிக்கான மத்திய அரசு அமைப்பான அபேடாவின் தேசிய இயற்கை உற்பத்தித் திட்டச் சான்று. ஏற்றுமதி செய்யவும், பெரிய நிறுவனங்களுக்குக் கொடுக்கவும் இதுதான் வேண்டும். தனியார் சான்றளிப்பு நிறுவனங்கள் இருந்தாலும், நம் மாநிலத்தில் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுத் துறையே 2007-லிருந்து அங்ககச் சான்று கொடுக்கிறது. சிறு விவசாயிக்குக் கட்டணம் தனியாரைவிடக் குறைவு. மண், நீர்ப் பரிசோதனை அறிக்கை, நில வரைபடம், ஆண்டுப் பயிர்த் திட்டம் எல்லாம் கேட்பார்கள்.

எதில் போனாலும் நோட்டு எழுதுவதை விடாதீர்கள். என்று உழுதோம், விதை எங்கே வாங்கினோம், எத்தனை வண்டி எரு, எவ்வளவு அறுத்தோம், யாருக்கு விற்றோம், அத்தனையும். ஆய்வுக்கு வருபவர் வயலுக்குப் போவதற்கு முன்னால் நோட்டைத்தான் கேட்பார்.

மானாவாரி

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், யாரும் கோபப்பட வேண்டாம்.

விளாத்திகுளம் பக்கம் கரிசல் பூமி எங்களுடையது. கம்பு, குதிரைவாலி, உளுந்து, மல்லி. ஒரு தொகுப்பில் சேர்ந்தோம். பணம் வந்தது, ஆனால் பருவம் முடிந்த பிறகு வந்தது. விதைப்பு நேரத்தில் கையில் இல்லாத பணத்தால் என்ன பயன்? கணக்கில் விழுந்தபோது வேறு கடனுக்குப் போய்விட்டது. பயிற்சி என்று ஒரு மண்டபத்தில் உட்கார வைத்துப் படம் காட்டினார்கள். எங்கள் மண்ணுக்கு என்ன செய்வது என்று கேட்டதற்கு, காவிரிப் பாசன நெல்லுக்குச் சொல்வதையே சொன்னார்கள்.

மானியத்தை மனதில் வைத்து மாறாதீர்கள். செலவைக் குறைக்க மாறுங்கள். கடையில் வாங்கும் பொருளை நிறுத்தினால் அந்தப் பணம் அன்றைக்கே மிச்சம். அதற்கு யாரிடமும் மனு கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொரு ஆதங்கமும் இருக்கிறது. மானாவாரி நிலத்தில் பாதிப் பேர் உரமே போடாமல்தான் பயிர் செய்கிறார்கள். விளைச்சல் இழப்பு பயமே இல்லாத நிலம் இது. இங்கே முதலில் சான்றும் சந்தையும் கொண்டுவந்தால் குறைந்த செலவில் எத்தனையோ ஆயிரம் ஏக்கர் மாறியிருக்கும். திட்டம் போடுகிறவர்கள் கண்ணில் தண்ணீர் ஓடும் வயல் மட்டும் படுகிறது.

மண்வாசம்

மானாவாரி சொன்ன தாமதம் உண்மை. நான் வேலையில் இருந்தபோதே பார்த்து வருத்தப்பட்டதுதான். மேலிருந்து நிதி இறங்கி, பட்டியல் சரிபார்த்து, கணக்கு எண் ஒத்துப்போய் வருவதற்குள் பருவம் போய்விடும்.

ஆனால் கடையில் வாங்குவதை நிறுத்தினால் அன்றைக்கே மிச்சம் என்பது மானாவாரிக்குப் பொருந்தும். பல வருடமாக மூட்டை மூட்டையாக யூரியா கண்ட நெல் வயலில் பொருந்தாது. அந்த மண்ணில் கரிமச்சத்து குறைந்து கிடக்கும், நுண்ணுயிர் குறைவு. திடீரென்று நிறுத்தினால் பயிர் மஞ்சளடித்து நிற்கும். அதைப் பார்த்துப் பயந்துபோய் நடுவில் யூரியா வாங்கி வீசியவர்கள் ஏராளம். அப்படி வீசினால் சான்றுக் கணக்கும் மறுபடி முதலிலிருந்து.

எனவே தம்பி, ஒரே அடியாக வேண்டாம். ஒரு ஏக்கர், கிணற்றுக்குப் பக்கத்தில், மேட்டில் இருப்பதாகப் பார்த்து எடுங்கள். ஒன்று மட்டும் கவனம்: ஒரே பயிரை ஒரே பருவத்தில் ஒரு பக்கம் இயற்கையாகவும் இன்னொரு பக்கம் ரசாயனத்திலும் வைத்தால் சான்றில் சிக்கல். அந்த ஏக்கரில் வேறு ரக நெல் போட்டு, அறுவடையும் மூட்டையும் தனியாக வையுங்கள். மற்ற நிலத்தையும் எந்த வருடம் மாற்றுவோம் என்று திட்டத்தில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

கடைமடை

அண்ணன்மார்களே, குத்தகைக்காரர்களைப் பற்றி யாராவது பேசுவீர்கள் என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

நாகப்பட்டினம் பக்கம் நான்கு ஏக்கர் வாய்மொழிக் குத்தகை. என் கணவர் இறந்த பிறகு நானே பார்க்கிறேன். மாப்பிள்ளைச் சம்பாவும் பூங்காரும் போடுகிறேன். திட்டத்தில் சேரப் போனால் சிட்டா கேட்கிறார்கள். நிலத்துக்காரர் சென்னையில் இருக்கிறார், கையெழுத்துப் போடப் பயப்படுகிறார், எழுத்தில் கொடுத்தால் உரிமை போய்விடும் என்று நினைக்கிறார். மண்ணை நான் திருத்துகிறேன், பணம் வந்தாலும் அவர் பெயருக்குத்தான் வரும். மூன்று வருடம் பாடுபட்டுத் திருத்திய பிறகு, "இந்த வருடம் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்ய முடியும்? இந்தப் பயத்தில்தான் டெல்டாவில் பலர் மாறாமல் இருக்கிறார்கள். அவர்களுக்கு மனமில்லை என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள்.

தண்ணீர் இன்னொரு கதை. எங்கள் வயலுக்குப் பக்கத்து வயல் வழியாகத்தான் தண்ணீர் பாயும். அவர் உரம் வீசினால் அது எனக்கும் வரும். வாய்க்கால் ஓரம் பள்ளம் வெட்டி, அதில் சேப்பங்கிழங்கும் கல்வாழையும் வைத்து, தண்ணீர் அதில் தங்கி வரும்படி செய்திருக்கிறேன். வரப்பை உயர்த்தி ஓரத்தில் அகத்தியும் இருக்கிறது. செய்யாறு தம்பிக்குச் சொந்தக் கிணறு என்பது பெரிய பாக்கியம், அதை விட்டுவிடாதீர்கள்.

மண்வாசம்

அம்மா, நீங்கள் சொன்னது மனதைத் தைக்கிறது. எழுத்துக் குத்தகை இல்லாமல் திட்டங்களில் சேர்வது கடினம்தான். பங்கேற்பு உத்தரவாதக் குழுவில் சேரமுடியுமா என்று பாருங்கள், அங்கே உடனிருக்கும் விவசாயிகளின் சாட்சியம்தான் அடித்தளம். நிலத்துக்காரரிடம் மூன்று வருடத்துக்காவது ஒரு எழுத்து வாங்க உங்கள் பக்கத்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தாரைப் பேசச் சொல்லுங்கள். தனி ஆள் கேட்பதைவிட ஒரு நிறுவனம் கேட்டால் அவருக்கும் பயம் குறையும்.

வன்னிக்கமம்

கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் மூன்று வருடம், ஒரு ஏக்கர் என்று கதைப்பதைப் பார்க்க, எங்களுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லையே என்றுதான் இருக்கிறது.

2021-இல் எங்கள் அரசாங்கம் அசேதனப் பசளை (ரசாயன உர) இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் (அரசிதழில்) நிறுத்தியது. கமக்காரரிடம் கேட்கவில்லை. அவ்வளவு வயலுக்கும் வேண்டிய சேதனப் பசளை நாட்டில் இருக்கவுமில்லை. அந்த வருட நவம்பரிலேயே தடையை விலக்கினார்கள், ஆனால் பெரும்போக விதைப்பு அதற்குள் தொடங்கிவிட்டது. நெல் விளைச்சல் கணிசமாக விழுந்தது, தேயிலையும் அடிபட்டது. இன்றைக்கு இங்கே சேதன விவசாயம் என்று சொன்னாலே சனங்கள் முகம் சுளிக்கிறார்கள். எங்கள் அம்மம்மா காலத்தில் எருவும் பூவரசங் குழையும் தாழ்த்துச் செய்த கமம் அது. அவசரப்படுத்தியதால் அதன் பெயரே கெட்டுப்போனது எனக்குப் பெரிய துக்கம்.

அப்பாவின் பயத்தை மதியுங்கள். ஆலோசனையும் கைக்காசும் முதலில் வரவேண்டும், மாற்றம் அதற்குப் பிறகு.

அரிசிக்கடை

சென்னையில் மரபு அரிசிக் கடை வைத்திருக்கிறேன். விற்பனைப் பக்கம் சிலது சொல்கிறேன்.

மாறுதல் காலத்தில் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டால் மற்ற நெல்லுக்கு என்ன விலையோ அதுதான். இயற்கை நெல் என்று தனி விலை கிடையாது. எனவே விளைச்சல் குறையும் அந்த முதல் வருடங்களில் விலையும் கூடாது. நஷ்டம் உண்மையில் இங்கேதான் விழுகிறது.

தாங்குவதற்கு ஒரு வழி, நெல்லாக விற்காமல் அரிசியாக விற்பது. தூயமல்லி, கிச்சிலிச் சம்பா, கருப்புக் கவுனி மாதிரி ரகங்களை, சான்று வராத காலத்திலும் ரகத்துக்காகவே வாங்க ஆள் உண்டு. ஆனால் கருப்புக் கவுனியை எல்லோரும் போட்டுவிட்டு விலை சரிந்து தவித்த வருடமும் உண்டு. வாங்குபவரைப் பேசி முடித்துவிட்டு விதையுங்கள்.

ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்கு உட்பட்ட சிறு விவசாயி, சாப்பிடுகிறவருக்கே நேராக விற்றால் உணவுப் பாதுகாப்பு ஆணைய விதியில் சான்றிலிருந்து விலக்கு உண்டு. அரசின் ஆர்கானிக் முத்திரை மட்டும் போடக்கூடாது. என்னைப் போன்ற கடைக்கு வந்தால் சான்று கேட்போம், கேட்டே ஆக வேண்டும். வாடிக்கையாளருக்கு நான் பதில் சொல்ல வேண்டுமே.

செய்யாற்றங்கரை

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அப்பாவை உட்கார வைத்து மொத்தமும் படித்துக் காட்டினேன். ஏக்கருக்கு 2,000 என்றதும், "அப்போ அதை மறந்துவிட்டுக் கணக்குப் போடு" என்றார். ஒரு ஏக்கர் என்பதற்குச் சம்மதித்துவிட்டார். வரும் ஆடியில் தொடங்குவதானால் அந்த ஏக்கரில் முதலில் என்ன செய்வது? மணிலாவுக்கு ஜிப்சம் போடலாமா? சங்கத்தில் கடன் வாங்கினால் உரமும் சேர்த்துத் தருகிறார்களே, அதை என்ன செய்வது?

கொங்குமஞ்சள்

முதல் மழைக்குப் பலதானியம் விதைத்துவிடுங்கள். சோளம், கம்பு, உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, எள், ஆமணக்கு, சணப்பு, கொத்தமல்லி, கடுகு என்று கிடைப்பதைக் கலந்து ஏக்கருக்கு இருபது கிலோ அளவில். பூக்கும் தருணத்தில், ஐம்பது நாள் வாக்கில் மடக்கி உழுங்கள். அவ்வளவு வகை கிடைக்காவிட்டால் தக்கைப்பூண்டு மட்டுமாவது போடுங்கள், அதற்குத்தான் மானிய விதை. அது மட்குவதற்குக் கொஞ்ச நாள் விட்டு நடவு. ஏரி வண்டல் எடுக்க அனுமதி கிடைக்கிற வருடம் என்றால் அதையும் அடித்துவிடுங்கள்.

தொழுவுரம் ஏக்கருக்கு ஐந்து டன் என்பது சிபாரிசு. இரண்டு மாட்டில் மூன்றரை ஏக்கருக்கும் அவ்வளவு வராது, ஒரு ஏக்கருக்கு வரும். ஒரு ஏக்கர் என்று ஐயா சொன்னதில் இந்தக் கணக்கும் இருக்கிறது. எருவோடு அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரங்களைக் கலந்து போடுங்கள், வேளாண்மை விரிவாக்க மையத்தில் கிடைக்கும். ஜீவாமிர்தத்துக்கு 200 லிட்டர் தண்ணீரில் பத்து கிலோ சாணம், ஐந்து முதல் பத்து லிட்டர் கோமியம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண். பாசனத் தண்ணீரோடு விட்டுவாருங்கள். பஞ்சகவ்யா என்றால் மூன்று சதவீதம், பத்து லிட்டர் டேங்குக்கு 300 மில்லி.

மணிலாவுக்குச் சுரங்கத்திலிருந்து எடுத்த இயற்கை ஜிப்சம் போடலாம். ரசாயன உர ஆலைக் கழிவாக வரும் ஜிப்சம் கூடாது, ரசீதில் எது என்று தெரிய வேண்டும். விதை மணிலாவை வெளியில் வாங்கினால் பூஞ்சாண மருந்து கலந்திருக்கும், உங்கள் வீட்டு விதையே எடுங்கள். விதை கிலோவுக்கு டிரைக்கோடெர்மா என்ற நன்மை தரும் பூஞ்சாணம் 4 கிராம், அதோடு ரைசோபியம் நுண்ணுயிர் உரம். புகையிலை வெட்டுப்புழுவுக்கு ஓரத்தில் ஆமணக்கு வையுங்கள், புழு அதில் கூடும்போது இலையோடு பறித்து அழித்துவிடலாம்.

மண்வாசம்

சங்கக் கடனில் ஒரு பகுதி உரமாக வருவது எல்லா ஊரிலும் உள்ளது. தவணைக்குள் கட்டினால் வட்டி இல்லாத கடன் அது, அதை விட்டுவிட வேண்டாம். அந்த ஏக்கருக்கு உரப் பகுதி வேண்டாம், ரொக்கப் பகுதி மட்டும் போதும் என்று எழுதிக் கொடுங்கள். நுண்ணுயிர் உரமோ வேப்பம் புண்ணாக்கோ இருப்பு இருந்தால் அதைக் கேளுங்கள். ரசாயன உர மூட்டை உங்கள் பெயரில் ரசீது ஆகி, அந்த ஏக்கர் சர்வே எண்ணில் ஏறினால் சான்று ஆய்வில் கேள்வி வரும்.

மானாவாரி

இதைத்தான் நான் கோபமாகச் சொன்னது, ஐயா பொறுமையாகச் சொல்கிறார். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. அதன் அடக்கவிலை பல மடங்கு, மிச்சத்தை அரசு கொடுக்கிறது. அந்த மானியத்துக்குத் தொகுப்பில் சேர வேண்டியதில்லை, மண்டபத்தில் உட்கார வேண்டியதில்லை, மூன்று வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆதாரைக் காட்டி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வரலாம். மூட்டையை வேண்டாம் என்கிறவனுக்கு அந்தத் தொகையில் ஒரு பங்கையாவது கையில் கொடுக்கலாமே. நான் மானியத்துக்கு எதிரி இல்லை. மாறுகிற விவசாயிக்கு விதைப்புக்கு முன்னால், விளைச்சல் இழப்பைக் கணக்கிட்டு, குத்தகைக்காரர் என்றாலும் உழுகிறவர் கையில் கொடுங்கள் என்கிறேன். 2023-இல் மாநில அரசு உயிர்ம வேளாண்மைக் கொள்கை என்று ஒன்றைத் தனியாகவே வெளியிட்டது. அதற்குக் கீழே இதைச் செய்ய என்ன தடை?

கடைமடை

மானாவாரி அண்ணன் சொன்னதைக் கிராம சபையில் தீர்மானமாகவே வைக்கலாம். எங்கள் ஊரில் அடுத்த கூட்டத்தில் நான் வைக்கப் போகிறேன்.

ஆலோசனையைப் பற்றியும் ஒன்று. ஆந்திராவில் இயற்கை விவசாயத்தைச் சொல்லிக்கொடுக்க, செய்துகாட்டிய விவசாயிகளையே சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள், மகளிர் குழுக்கள் வழியாக ஊர் ஊராகப் போகிறது. புதிய தேசிய இயக்கத்திலும் கிருஷி சகி என்று பெண்களை நியமிக்கச் சொல்லியிருக்கிறார்கள். செய்யாறு தம்பி, உங்கள் தொகுப்பில் அப்படி யாராவது இருந்தால் உங்கள் அம்மாவையும் கூட்டிப்போய்ப் பேசுங்கள். மாட்டையும் எருவையும் பார்ப்பது பெரும்பாலும் அவர்கள்தானே.

செய்யாற்றங்கரை

அக்கா, உண்மைதான், மாடு முழுக்க அம்மா பொறுப்பு. அவரிடம் இன்னும் நான் சரியாகவே பேசவில்லை, இன்றைக்கே பேசுகிறேன்.

பக்கத்தில் இன்னும் நான்கு பேரைச் சேர்த்தால் குழு ஆகிவிடும். இரண்டு பேர் சரி என்றுவிட்டார்கள். உதவி இயக்குநர் அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை போகிறோம். மண் மாதிரி மட்டும் எப்படி எடுப்பது என்று சொல்லிவிடுங்கள்.

மண்வாசம்

அந்த ஒரு ஏக்கரில் பத்துப் பதினைந்து இடத்தில் எடுங்கள். வரப்போரம், மரத்தடி, எருக்குவித்த இடம், வாய்க்கால் பக்கம் வேண்டாம். மேலே உள்ள சருகைத் தள்ளிவிட்டு, மண்வெட்டியால் ஆங்கில வி எழுத்து மாதிரி அரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரு சீராகச் சுரண்டுங்கள். எல்லாவற்றையும் கலந்து நிழலில் உலர்த்தி, பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளி, மறுபடி கலந்து அரைக் கிலோ வரும்வரை இப்படியே செய்யுங்கள். உர மூட்டைச் சாக்கில் போடக்கூடாது, துணிப்பையில் போட்டுப் பெயர், சர்வே எண், முந்தைய பயிர் எழுதிக் கட்டுங்கள். கிணற்றுத் தண்ணீரும் கொண்டு போங்கள், மோட்டார் கொஞ்ச நேரம் ஓடிய பிறகு பிடித்தது. தழை, மணி, சாம்பல் சத்தோடு நிறுத்தாமல் அங்ககக் கரிமம் எவ்வளவு என்று கட்டாயம் பார்த்துத் தரச் சொல்லுங்கள். அந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டு இங்கேயும் போடுங்கள், எரு அளவை அதைப் பார்த்து முடிவு செய்யலாம்.